ஐந்தே முக்கால் வண்டி

ஆரோக்கிய ஜெனிபர் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். கேட்ட கேள்விக்கு உண்மையைப் பதிலாக எழுதிவிட்டாள்.

கடலூர் சிப்காட்டில் சாயப்பொடி தயாரிக்கும் பிருந்தாலயா கெமிக்கல்ஸ் லிமிடெட்டில், இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டுக் கணக்குப்படி, நாற்பத்து மூன்று பெண்கள் வேலை பார்த்தார்கள். ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை நாற்பத்து மூன்று பேர் மேசைக்கும் ஒரு படிவம் வந்தது. ‘உங்கள் வேலையும் வாழ்க்கையும் சமநிலையில் உள்ளனவா?’ என்பது கேள்வி. பெயர் எழுத வேண்டாம், விவரங்கள் இரகசியமாக வைக்கப்படும், இரகசியத்தை உறுதிசெய்யும் பொருட்டுப் பணியாளர் எண்ணை மட்டும் தெளிவாகக் குறிப்பிடவும் என்று அடியில் அச்சிட்டிருந்தது. நாற்பத்திரண்டு பேர் ‘மிகச் சிறப்பாக உள்ளன’ என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். கல்யாண வீட்டு வாசலில் நின்று சாப்பாடு எப்படி என்று கேட்கிறவருக்கு என்ன பதில் சொல்வோமோ, அதே பதிலைத்தான் கம்பெனிப் படிவத்துக்கும் சொல்ல வேண்டும். இது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் பிடிபட்டுவிடும்.

டெஸ்பாட்ச் பிரிவில் லாரிகளுக்கு ரசீது போடும் ஜெனிபருக்கும் பிடிபட்டுத்தான் இருந்தது, ஆறு வருஷமாக. அன்றைக்கு என்னவோ கிறுக்குப் பிடித்தாற்போல ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். அதோடு விட்டாளா? கீழே காலியாகக் கிடந்த கோட்டில், ‘மாலை ஐந்தே முக்கால் வண்டியில் வீட்டுக்குப் போக முடிந்தால் போதும்’ என்று முத்து முத்தான எழுத்தில் எழுதியும் வைத்தாள்.

காரணம் இருந்தது. அவள் வீடு சிதம்பரத்தில். கணவன் சார்லஸ் குவைத்தில். நாலு வயது மகள் அனுப்பிரியாவைப் பக்கத்து வீட்டுக் கொளஞ்சி பார்த்துக்கொள்வாள். கொளஞ்சிக்கும் அவள் புருஷனுக்கும் ரயில்வே கேட்டருகே இட்லிக் கடை. இத்தனை நாள் புருஷன் தனியாகவே சமாளித்தான். இப்போது அவனுக்கு முட்டி வீங்கிவிட்டது.

“இந்தா ஜெனிபரு, கோச்சிக்காத. ஏழு மணிக்கு நான் கடையில நின்னாவணும். அதுக்குள்ள வந்து புள்ளைய வாங்கிக்க. அதுக்கு மேல என்னால ஆவாது” என்று முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் கொளஞ்சி சொல்லியிருந்தாள்.

வேலை ஒப்பந்தப்படி ஜெனிபருக்கு ஐந்தரைக்கு வேலை முடிகிறது. சிதம்பரம் போக கம்பெனி வண்டிகள் இரண்டு. ஐந்தே முக்காலுக்குப் புறப்படுவது ஆறு ஐம்பதுக்குக் கீழவீதி முனையில் இறக்கிவிடும். ஏழு நாற்பதுக்குப் புறப்படுவது ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேரும். முதல் வண்டியில் அலுவலகப் பெண்கள் ஏறக் கூடாதென்று எந்தச் சட்டமும் இல்லை. ஐந்தரைக்கு ஒருத்தி கைப்பையை எடுத்தால், கண்ணாடி அறைக்குள் இருக்கும் மனிதவள மேலாளர் செம்பியன் தலையைத் தூக்குவார். அவளைப் பார்ப்பார். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். மறுபடி அவளைப் பார்ப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அப்படிப் பார்க்கப்பட்ட இரண்டு பேர், ஆண்டுக் கடைசி மதிப்பீட்டில் ‘ஈடுபாடு குறைவு’ என்று வாங்கியிருந்தார்கள். அதன்பிறகு சிதம்பரம் வழிப் பெண்கள் எல்லோரும் ஏழு நாற்பது வண்டிக்காரிகளாகிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்துக் கூட்டம் போட்டார்கள். சென்னையிலிருந்து ஆலோசகர் அம்மையார் ஒருவர் வந்து, திரையில் ஒரு பெரிய வட்டத்தைக் காட்டினார். வட்டம் முழுக்கப் பச்சை. ஓரத்தில் மட்டும் ஈர்க்குச்சி அகலத்துக்கு ஒரு சிவப்பு.

“தொண்ணூற்றேழு புள்ளி ஆறு ஏழு சதவீதம் பேர் சமநிலையில இருக்காங்க. மீதி ரெண்டு புள்ளி மூணு மூணு சதவீதம்தான் நம்ம சவால். இரகசியம் காக்கணுங்கறதால அது யாருன்னு நான் சொல்லப் போறதில்ல” என்றவர், மூன்றாவது வரிசையில் நீலத் துப்பட்டாவோடு உட்கார்ந்திருந்த ஜெனிபரைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். “பயப்படாதீங்கம்மா. உங்களுக்காகத்தான் நாங்க இருக்கோம்.”

நாற்பத்திரண்டு தலைகள் ஒரே நேரத்தில் திரும்பின.

செம்பியன் எழுந்து, இந்த ஆண்டைச் ‘சமநிலை ஆண்டு’ என்று நிர்வாகம் அறிவித்திருப்பதாகச் சொன்னார். வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், சமநிலை வகுப்பு. ஒருத்தியை மட்டும் கூப்பிட்டால் பாகுபாடு ஆகிவிடும், ஆகவே நாற்பத்து மூன்று பேரும் கட்டாயம் வர வேண்டும். நேரம், சரியாக மாலை ஐந்தே முக்கால்.

“ஆபீஸ் நேரத்துல வச்சா நல்லாருக்குமே சார்” என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

செம்பியன் முகம் சுருங்கிவிட்டது. “என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? ஆபீஸ் நேரம் வேலைக்கானது. அதுல உக்காந்து வாழ்க்கையப் பத்திப் பேசினா அது வேலைக்குப் பண்ற துரோகம். வாழ்க்கையப் பத்தி வாழ்க்கை நேரத்துலதான் பேசணும். இந்தத் தெளிவு இல்லாததாலதான் சமநிலையே கெட்டுப்போவுது.”

கூட்டம் கலைந்ததும் பக்கத்து மேசை இசைவாணி, ஜெனிபரைப் படிக்கட்டில் பிடித்துக்கொண்டாள். “ஏண்டி, உனக்கு அறிவிருக்கா? படிவத்துல போயி யாராவது உண்மைய எழுதுவாங்களா? வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குக் கெளம்பிப் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போயிட்டிருந்தேன். அதுவும் போச்சு உன்னால.”

அழுகைதான் வந்தது ஜெனிபருக்கு. அழுதால் அதற்கும் ஒரு வகுப்பு வைத்துவிடுவார்களோ என்று அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனாள். “சார், எனக்கு வகுப்பெல்லாம் வேணாம் சார். ஐந்தே முக்கால் வண்டியில போனா போதும். ஏழு மணிக்குள்ள புள்ளைய வாங்கணும்.”

“அதேதாம்மா எங்க நோக்கமும்” என்று செம்பியன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “இதுவரைக்கும் அந்த வண்டியில ஏறணும்னா ஒரு முறையே இல்ல. யார் வேணா ஏறலாம்னு கெடந்துது. இப்ப முறைப்படுத்திட்டோம். சமநிலை அட்டை வச்சிருக்கவங்க மட்டும் ஏறலாம். பன்னெண்டு வகுப்பு முழு வருகை இருந்தா அட்டை தானா வந்துரும்.”

“வகுப்பே ஐந்தே முக்காலுக்குத்தான சார்?”

“ஆமா. அதனால வண்டியத் தவற விட்டுட்டமேன்னு உங்களுக்கு வருத்தமே இருக்காது. உள்ள உக்காந்திருப்பீங்க.”

வெளியே வந்து வண்டி ஓட்டுநர் அய்யனாரைக் கேட்டாள். ஆறு வருஷப் பழக்கம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு ஒரு தாளைக் காட்டினார். “லிஸ்ட் குடுத்துட்டாங்கம்மா. அட்டை இல்லாம ஏத்தினா என் வேலை போயிடும். இன்னா செய்யச் சொல்ற?” முன்பாவது ஒருவர் முறைத்துப் பார்ப்பதோடு போயிற்று. இப்போது கதவே சாத்திக்கொண்டது.

வகுப்புகள் தொடங்கின. முதல் வகுப்பில் எல்லோரும் ஒற்றைக் காலில் நின்று, இடது கையில் ஓர் அலுவலகக் கோப்பையும் வலது கையில் ஒரு பிளாஸ்டிக் பொம்மையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் மூச்சு விட்டார்கள். கோப்பு விழுந்தால் கவனக்குறைவு என்று குறித்துக்கொண்டார்கள். பொம்மை விழுந்ததற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் வகுப்பில், வீட்டுக்குப் போனதும் பிள்ளையோடு எப்படிப் பேச வேண்டும் என்று ஆலோசகர் அம்மையார் எல்லோரையும் ஒருவர் மாற்றி ஒருவராக நடிக்கச் சொன்னார். ஐம்பத்தைந்து வயது ரத்தினம்மாள், இன்னும் இரண்டே வருஷத்தில் ஓய்வு பெறப் போகிறவள், பிள்ளையாக உட்கார்ந்து, “அம்மா, எனக்குக் கதை சொல்லு” என்று ஜெனிபரைக் கேட்டாள். ஜெனிபர் நரி கதை சொன்னாள். நன்றாகச் சொல்கிறாள் என்று அம்மையார் கைதட்டச் சொன்னார். அப்போது மணி ஏழே கால்.

அந்த ஏழே காலுக்கு அனுப்பிரியா எங்கே இருந்தாள் என்றால், ரயில்வே கேட்டருகே, கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியின் மேல். கொளஞ்சி கல்நெஞ்சக்காரி இல்லை. பிள்ளையைத் தெருவில் விட மனசு வராமல் கடைக்கே கூட்டிப் போய்விட்டாள். “ஆறே வாரம் அக்கா, அட்டை வந்துரும்” என்று ஜெனிபர் கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தாள். தினமும் ஒன்பது மணிவாக்கில் இறங்கி, கடைக்கு ஓடி, புகை நாற்றத்தோடு தூங்கி வழியும் பிள்ளையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடப்பாள்.

ஏழாம் வகுப்பு நாளன்று, ஐந்தரை மணிக்குச் செல்போன் அடித்தது. ஹார்லிக்ஸ் வாங்கப் போகும்போது பிள்ளையைக் கடையில் புருஷனிடம் விட்டுப் போனதாகவும், சட்டியை இறக்கும்போது அவனுக்கு முட்டி பிசகிவிட்டதாகவும், பிள்ளையின் காலில் சாம்பார் கொட்டிவிட்டதாகவும் கொளஞ்சி அழுதுகொண்டே சொன்னாள். ஜெனிபர் யாரையும் கேட்கவில்லை. கைப்பையைக்கூட எடுக்காமல் ஓடி, சிப்காட் ஸ்டாப்பிங்கில் நாகப்பட்டினம் போகிற பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, படியில் நின்றுகொண்டே போனாள். வலது பாதத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். ஆஸ்பத்திரியில் மருந்து போட்டுக் கட்டிவிட்டார்கள். ராத்திரி முழுக்கப் பிள்ளை முனகியது.

மறுநாள் அவள் மேசை மேல் ஒரு கடிதம் கிடந்தது. ஏழாம் வகுப்புக்கு வரத் தவறியதால் முழு வருகை விதியின்படி முந்தைய ஆறு வகுப்புகளும் இரத்து செய்யப்படுகின்றன, அடுத்த சுற்றில் முதல் வகுப்பிலிருந்து மீண்டும் தொடங்கவும், சமநிலை வாழ்த்துகளுடன், செம்பியன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு போய், பிள்ளைக்குக் கால் வெந்துவிட்டது சார் என்று சொன்னாள். செம்பியன் உண்மையிலேயே கண் கலங்கினார். அவரைக் குறை சொல்லக் கூடாது. அந்தக் கம்பெனியில் எல்லோரும் நல்லவர்கள்தான், அதுதான் பெரிய ஆபத்து.

“தப்புதாம்மா. இதுக்கெல்லாம் அடிப்படைக் காரணம், நம்மகிட்ட ஒரு குழந்தைகள் காப்பகம் இல்லாததுதான்” என்றார். உடனே போனை எடுத்தார். அடுத்த பத்து நாளில் கேன்டீனுக்குப் பின்னாலிருந்த பழைய சாமான் அறைக்கு வெள்ளையடித்து, சுவரில் யானையும் முயலும் வரைந்து, ஊஞ்சல் கட்டி, பொது மேலாளர் ரிப்பன் வெட்டிவிட்டார். ஜெனிபருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் காலையில் கால் கட்டோடு இருந்த பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தாள்.

பாதுகாப்பு அதிகாரி கையைக் குறுக்கே நீட்டினார். தலைக்கவசமும் பாதுகாப்புக் காலணியும் இல்லாமல் தொழிற்சாலை எல்லைக்குள் யாரும் தரையில் கால் வைக்கக் கூடாது. காலணியில் ஆகச் சிறியது ஐந்தாம் நம்பர். பிள்ளைக்குப் பொருத்தமான நம்பர் வருமா என்று ஜெனிபர் கேட்டாள்.

“வராதும்மா. நாலு வயசுப் புள்ளைங்கள கெமிக்கல் பேக்டரியில விடறதுக்கு எந்தக் கம்பெனியாவது ஷூ செய்யுமா? நீங்களே சொல்லுங்க.”

“அப்ப காப்பகம் எதுக்கு சார்?”

“காப்பகம் இருக்கணும்மா. அது விதி. புள்ளைங்க இருக்கக் கூடாது. அதுவும் விதிதான்.”

ஆகவே காப்பகம் பூட்டியே கிடந்தது. அதன் சாவியையும் சாவிப் பதிவேட்டையும் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே. தாய்மை உணர்வுள்ளவர் என்று செம்பியன் ஜெனிபர் பெயரை முன்மொழிந்தார். தினமும் வேலை முடிந்ததும் பூட்டு பத்திரமாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரே ஒரு நாள் மட்டும் அந்தக் காப்பகத்தில் பிள்ளை இருந்தது. ‘மகளிர் நலம் போற்றும் நிறுவனம்’ என்ற விருதுக்காக ஆய்வாளர்கள் வந்த அன்று, ஒரு குழந்தையாவது ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்குமென்று பொது மேலாளர் நினைத்தார். கேட்டதற்கு மற்ற பெண்கள் எல்லோரும் தங்கள் பிள்ளைக்குச் சளி என்று சொல்லிவிட்டார்கள். ஜெனிபரின் பிள்ளைக்கு விதிவிலக்கு கொடுத்தார்கள். தரையில் கால் படாமல், டிரம் தள்ளும் தள்ளுவண்டியில் உட்காரவைத்து, காதை மூடும் தலைக்கவசம் போட்டு, இரண்டு காவலாளிகள் அனுப்பிரியாவைக் காப்பகம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். பிள்ளை குதூகலத்தில் கைகொட்டிச் சிரித்தது. பகல் வெளிச்சத்தில் மகள் சிரிப்பதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று ஜெனிபர் எண்ணிப் பார்த்தாள். இந்த மடத்தனமெல்லாம் தினமும் நடந்தாலும் பரவாயில்லை, பிள்ளை இங்கேயே தள்ளுவண்டியில் இருக்கட்டும் என்றுகூட நினைத்தாள்.

ஆய்வாளர் ஒருவர் ஊஞ்சலருகே குனிந்தார். “பாப்பா, அம்மா தினமும் எப்ப உன்னக் கூட்டிட்டுப் போவாங்க?”

“ரெண்டாவது சட்டி சாம்பார் தீந்ததும் வருவாங்க.”

“சில நாள் லேட்டாகுமா?”

“மழை பேஞ்சா சட்டி தீராது. ஆனாலும் அம்மா வந்துடும்.”

கூட நின்ற ஆலோசகர் அம்மையார் முகமெல்லாம் மலர்ந்து, “பாத்தீங்களா, எவ்வளவு நம்பிக்கை! குழந்தைக்குக் காலம் பத்தின தெளிவும் ஜாஸ்தி” என்று சொல்லி எழுதிக்கொண்டார். காலில் என்ன கட்டு என்று ஒருவர் கேட்டபோது, பாதுகாப்புக் காலணியின் அவசியத்தை விளக்க அது நல்ல எடுத்துக்காட்டு என்று பாதுகாப்பு அதிகாரி முந்திக்கொண்டார். விருது கிடைத்துவிட்டது.

ஆனால் கொளஞ்சி கைவிரித்துவிட்டாள். “எம்மேல கோவப்பட்டாலும் சரி. இன்னொரு தபா அந்தப் புள்ளைக்கு எதனா ஆச்சுன்னா என்னால உசுரோட இருக்க முடியாது. கடைக்குக் கூட்டிப் போவ மாட்டேன். நீ ஏழு மணிக்கு வருவேன்னு நிச்சயமா சொல்லு, மறுநாளே புள்ளைய மடியில வச்சிப் பாத்துக்கறேன்.”

நிச்சயமாகச் சொல்ல ஜெனிபர் யார்? ஆகஸ்டு கடைசியில் பிள்ளையைக் காடாம்புலியூரில் இருக்கும் நாத்தனார் இன்னாசிமேரி வீட்டில் கொண்டுபோய் விட்டாள். பஸ் கிளம்பும்போது அனுப்பிரியா அழவில்லை. அத்தை வீட்டு முந்திரித் தோப்பில் புதுசாக ஒரு கன்றுக்குட்டி இருந்தது. அழாமல் இருந்ததுதான் ஜெனிபருக்குப் பொறுக்கவில்லை. வடலூர் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள்.

அதன்பிறகு வகுப்புகளில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஓடிப் போக ஓர் இடம் இல்லாதவள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஒற்றைக் காலில் நிற்கலாம். அக்டோபர் முதல் வாரம், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும், செம்பியன் மேடையேறி அவள் கழுத்தில் சமநிலை அட்டையை மாட்டினார்.

“ஜூன் மாசம் சிவப்புல இருந்தாங்க. இன்னிக்குப் பச்சை. நூறு சதவீதம்! ஒரு கம்பெனி நெனச்சா ஒரு பெண்ணோட வாழ்க்கைய எப்படி மாத்தலாங்கறதுக்கு இவங்கதான் சாட்சி” என்றார். பொய் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் ஐந்தே முக்கால் வண்டியில் அய்யனார், “ஏறும்மா, ஏறு” என்று சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார். ஆலப்பாக்கம் தாண்டும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. புதுச்சத்திரத்தில் பெண்கள் மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது இந்தச் சாலையை இருட்டில்லாமல் நிதானமாகப் பார்த்தே வெகு காலமாகியிருந்தது. ஆறு ஐம்பதுக்கு இறங்கிவிட்டாள். பூட்டைத் திறந்து உள்ளே போய், விளக்குப் போடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

கொளஞ்சியிடம் அட்டையைக் காட்டினாள். “இது நெரந்தரமா?” என்று கொளஞ்சி கேட்டாள்.

நிரந்தரம் இல்லை. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருந்தன. அட்டை பெற்ற அடுத்த திங்கள் முதல் நான்கு வாரம் சோதனைக் காலம். இந்தக் காலத்தில், மிச்சப்பட்ட நேரம் வீட்டில் குழந்தையுடன்தான் செலவிடப்பட்டது என்பதற்கு, ஒவ்வொரு வேலை நாளுக்கும் ஒரு சான்று இணைக்க வேண்டும். சான்றில் சம்பந்தப்பட்ட குழந்தையே கையெழுத்திட வேண்டும். எழுதத் தெரியாத குழந்தை இடது பெருவிரல் ரேகை வைக்கலாம். அழிந்த ரேகை செல்லாது. திங்கட்கிழமை காலை வாரச் சான்றுகள் வந்து சேராவிட்டால் அட்டை இரத்தாகும். விண்ணப்பதாரர் மீண்டும் முதல் வகுப்பிலிருந்து தொடங்கலாம்.

செம்பியனிடம் போய், பிள்ளை இப்போது ஊரில் இல்லை சார் என்று சொல்ல வாயெடுத்தாள். அவரே முந்திக்கொண்டு, “குழந்தை வீட்டுல இல்லன்னா அட்டைக்கே தேவை இல்லையேம்மா, ஏழு நாற்பது வண்டி இருக்கே. அப்படி ரெண்டு பேர் விண்ணப்பத்தத் திருப்பி அனுப்பிட்டேன். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்ல, உங்க குழந்தையத்தான் எல்லாரும் பாத்திருக்கோமே” என்று சிரித்தார். ஜெனிபர் வாயை மூடிக்கொண்டாள்.

நான்கு வாரம் அட்டை நின்றால் நிரந்தரமாகும். நிரந்தரமானால்தான் கொளஞ்சி பிள்ளையை ஏற்றுக்கொள்வாள். அதுவரைக்கும் பிள்ளை காடாம்புலியூரில், அட்டை இவள் கழுத்தில்.

அந்த முதல் வார ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசையைக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறினாள். வடலூரில் மாறி, காடாம்புலியூர் போய்ச் சேரும்போது பதினொன்றரை. மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் திரும்ப முடியும். இன்னாசிமேரி மீன் குழம்பு வைத்திருந்தாள். “சாப்புட்டு மொள்ள புள்ளையோட வெளையாடேன். இன்னா அவசரம் ஒனக்கு?” என்றாள்.

“இது ஒண்ண முடிச்சிடறேன் அண்ணி.”

பையிலிருந்து ஆறு தாள்களையும் மைத்தட்டையும் எடுத்தாள். அனுப்பிரியாவை மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். பிள்ளை கொஞ்சம் கனத்திருந்தது. தலைமுடியில் கன்றுக்குட்டி வாசனை அடித்தது. திங்கட்கிழமைச் சான்றில் ரேகை சரியாக விழவில்லை. பிள்ளை கூச்சத்தில் விரலை இழுத்துவிட்டது. நல்ல வேளையாக ஜெனிபர் கூடுதலாக நாலு தாள் கொண்டுவந்திருந்தாள். இரண்டாவது தாளும் அழிந்தது. மூன்றாவதில்தான் கோடுகள் தெளிவாக வந்தன.

“எதுக்கும்மா இது?” என்று மகள் நீல விரலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அம்மா சாயந்தரம் உன்கூடவே இருந்தேன்னு இதுல எழுதியிருக்கு. அதுக்குத்தான் நீ வெரல் வைக்கணும்.”

பிள்ளை திரும்பி அவள் முகத்தைப் பார்த்தது.

“எப்பம்மா இருந்த?”

ஜெனிபர் அடுத்த தாளை எடுத்து வைத்தாள். மகளின் பெருவிரலைப் பிடித்து மைத்தட்டில் ஒற்றி எடுத்தாள்.

“ஆடாம வையி கண்ணு. இது செவ்வாக்கெழமைக்கு.”